மனோரஞ்சிதம் ஏன் பூக்கவில்லை என்று கேட்ட மகனுக்கு

கண்ணு,

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே நானும் உன் நைனாவும் நன்றாக இருக்கிறோம். செவலைப் பசு போன வாரம் கிடேரிக் கன்று போட்டது, அதுவும் நன்றாக இருக்கிறது. நீ கார்டில் ஓர் இடம் விடாமல் எழுதியிருந்தாய். சித்தூரில் உன் வீட்டுப் பின்பக்கம் நட்ட மனோரஞ்சிதம் இரண்டு ஆள் உயரம் ஏறிவிட்டது, இலை கறுகறுவென்று இருக்கிறது, இரண்டு வருஷமாகியும் ஒரு பூ இல்லை, இன்னும் எரு வைக்கட்டுமா, தண்ணீரைக் கூட்டட்டுமா, பக்கத்து வீட்டு குமாஸ்தா பாம்பு வரும் வெட்டிப்போடு என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். விலாசம் எழுதுகிற பக்கத்து ஓரத்தில் நெருக்கி எழுதிய இரண்டு வரியும் கொடியைப் பற்றித்தான். நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. தெய்வானை என்ற பெயர் அந்தக் கார்டில் எங்கேயும் இல்லை.

உன் நைனா கழனிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். "அவன் பொண்டாட்டி விசயம் அவன் பாத்துக்குவான், நீ நடுவுல பூந்து கெடுக்காதே" என்று அவர் சொல்லியிருக்கிறார். பரண்மேல் உன் ஏழாம் வகுப்பு நோட்டு ஒன்று பாதி வெள்ளையாகக் கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான் என்றாலும், நீ படித்த பாடப்புத்தகம் எல்லாவற்றையும் உனக்குத் தெரியாமல் நானும் படித்தவள். அதனால் எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் கொடி. எருவை நிறுத்து. இலை கறுகறுவென்று இருக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாயே, கோளாறே அதுதான். வயிறு நிறையத் தின்கிற கொடிக்குப் பூக்க வேண்டும் என்ற நினைப்பே வராது, இலையாகப் போட்டுக்கொண்டே போகும். தண்ணீரையும் குறை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், நடுவிரல் அளவுக்கு உள்ளே ஈரம் தெரிந்தால் அன்றைக்கு ஊற்றாதே. உன் வீட்டுச் சுவர் கிழக்குப் பக்கம் நிற்கிறது என்று ஞாபகம். அப்படியானால் காலை வெயில் அதற்குக் கிடைக்கவில்லை. மனோரஞ்சிதம் நிழலில் வளரும், வெயிலில்தான் பூக்கும். சுவருக்கு மேலே தலை தூக்குகிற மாதிரி நாலு கால் நட்டுப் பந்தல் போடு. மூங்கில் வேண்டாம். இது மல்லிகை மாதிரி மெலிந்த கொடி இல்லை, வருஷம் போகப்போகத் தொடைத் தடிமனுக்குக் கட்டையாகிவிடும், மூங்கிலை நசுக்கிவிடும். நம் வீட்டில் உன் நைனா கல்தூண் நட்டபோது ஊரே சிரித்தது, பூச்செடிக்கு மண்டபம் கட்டுகிறான் என்று. இன்றைக்கு அந்தத் தூண்தான் நிற்கிறது, சிரித்தவர்கள் வீட்டு மூங்கில் பந்தல் எல்லாம் விழுந்துவிட்டது.

தை பிறந்ததும் நுனிகளை ஒரு முழம் வெட்டிவிடு. மனசு வராது, ஆனாலும் வெட்டு. வெட்டின இடத்துக்குக் கீழே பக்கக்கிளை உடையும், பூ வருவது அந்தக் கிளையில்தான். பாம்புக்குப் பயப்படாதே. வாசனைக்குப் பாம்பு வருகிறது என்பது சும்மா. கீழே சருகு மண்டிக் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். வாரத்துக்கு ஒருதரம் சருகை வாரிவிட்டால் குமாஸ்தாவும் நிம்மதியாகத் தூங்குவார். இன்னொன்று, கொக்கி. பூ வருகிற காம்பே கொக்கியாக வளைந்து கைக்குக் கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பூ உதிர்ந்த பிறகும் அந்தக் கொக்கி இறுகிக் கட்டையாகி அங்கேயே நிற்கும். கொடியை இடம் மாற்றிக் கட்டும்போது கொக்கியைப் பிடுங்காதே, அது பிடித்திருக்கிற குச்சியைச் சேர்த்து வெட்டி எடு. உன் கொடியில் கொக்கி தெரிகிறதா என்று பார். தெரிந்தால் பூ தூரத்தில் இல்லை என்று அர்த்தம்.

ஒருவேளை பூத்தேகூட இருக்கலாம், உனக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தப் பூ மலர்ந்த நாலைந்து நாளைக்கு இலையின் பச்சையிலேயே இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாது. மஞ்சளாகத் திரும்பும்போதுதான் வாசனை வரும். அதனால் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கொடியின் கீழே நின்று மூச்சை இழுத்துப் பார். எந்தப் பக்கம் வாசனை வருகிறதோ அந்தப் பக்கம் கையை விட்டுத் தேடு. மூக்கால் தேடினால்தான் மனோரஞ்சிதம் கிடைக்கும். இதையேதான், கண்ணு, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில் நான் தெய்வானைக்குச் சொன்னேன்.

மேலே எழுதின வரியைத் திரும்பப் படி. நீ அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியதற்குக் காரணமான அந்தக் காரியத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். உன் நைனா சீக்கிரம் வந்துவிட்டார், நோட்டை அரிசிக் கூடைக்குள் சொருகினேன். இன்றைக்குத் தொடர்கிறேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே மறுபடி சொல்வதற்குக் காரணம், அதை நான் அவளுக்கு முழுசாகச் சொல்லாமல் விட்டதுதான். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடும்போது படத்துக்கு ஐந்து மனோரஞ்சிதம் வைக்க வேண்டும். யாரும் முகராத பூவாக இருக்க வேண்டும். சாமிப் பூவை முகரக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். திருமலைக்குப் போனால் நம் பெண்கள் தலையில்கூடப் பூ வைப்பதில்லை, அங்கே பூக்கிறதெல்லாம் அவருக்கு என்று. சாமந்தி, மல்லிகையென்றால் இதில் கஷ்டமே இல்லை, கண்ணால் பார்த்துப் பறித்துவிடலாம். மனோரஞ்சிதத்தில்தான் சங்கடம். மூக்கை வைக்காமல் அது கிடைக்காது, மூக்கு பட்டால் சாமிக்கு ஆகாது. அதற்கு என் தாய்வீட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள், நானும் அதை இங்கே கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொக்கி கொக்கியாகக் கையால் தடவிக்கொண்டே போய், அதன் கீழே தொங்குகிற முற்றின பச்சைப் பூவைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிப் பித்தளைச் செம்பில் போட்டு மூடி வைத்துவிடுவது. விடிவதற்குள் செம்புக்குள்ளேயே மஞ்சளாகிவிடும். செம்பைத் திறப்பது பெருமாளுக்கு முன்னால்தான். இந்த வருஷம் வெள்ளிக்கிழமை எனக்கு ஜுரம். பூவை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் வீடு நிறைய ஆட்கள். நான் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பூ பறித்து வா என்று தெய்வானையை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் வெறும் தட்டோடு வந்து நின்றாள்.

"அத்தே, கொடியில பூவே காணோம். எல்லாம் எலதான்."

"இருக்கும், நல்லா பாரு."

"பாத்துக்கினேதான் இருக்கேன் அத்தே. கண்ணு பூத்துப்போச்சு, கொடி பூக்கல."

"மூக்கு எதுக்குடி இருக்கு, மூக்குத்தி மாட்டிக்கவா? மோந்து பாத்துத் தேடு, போ."

சிரித்துக்கொண்டே ஓடினாள். சாதாரண நாளில் நான் எப்போதும் சொல்கிறதுதான் அது. அன்றைக்கு என்ன நாள் என்பது என் வாய்க்கு ஞாபகம் இல்லை. நீ கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தாய். அவள் ஒரு பூவை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மனோரஞ்சிதத்தை முகரும்போது எதை நினைக்கிறோமோ அந்த வாசனை வரும் என்பார்களே, அதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறாள் பாவம். வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன், உனக்கு என்னடி வாசனை வருகிறது என்று. "எனக்கு எங்க ஊரு பலாப்பழம் அத்தே. மாமாவுக்கு என்னா வருதுன்னு கேளுங்க" என்றாள். உன் நைனா திரும்பியே பார்க்காமல், "எனக்குச் சோத்து வாசனைதான் வரும், வட்டில வை" என்றார். அப்படிச் சிரிப்பும் பேச்சுமாக இருந்த பெண். அன்றைக்கு நீ அவள் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டாய்.

"சாமிப் பூவை மோந்து பாக்கறியே, உங்க ஊர்ல இதுகூட சொல்லித் தரலையா? வேற ராஜ்ஜியத்துப் பொண்ணைக் கட்டினா இப்டிதான்" என்று சொன்னாய். வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். உன் நைனா, "சரி விடுடா, சாமந்தி வெச்சுக்கலாம்" என்றார். தெய்வானை ஒரே ஒருதரம் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே திரும்பிக்கொண்டேன். அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை.

வேற ராஜ்ஜியம் என்று சொன்னாயே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பார். உனக்குத் தாம்பூலம் மாற்றும்போது இரண்டு வீடும் சித்தூர் ஜில்லா. தாலி கட்டும்போது அவள் ஊர் திருத்தணி மெட்ராஸோடு போய்விட்டது, நாம் ஆந்திராவில் நின்றுவிட்டோம். பந்தலில் உன் நைனா சம்பந்தியிடம், "இனிமே பேரப்பிள்ளையப் பாக்கறதுக்கு நீங்க பாஸ்போர்ட் எடுக்கணும்போல" என்று கேலி செய்தார். அவர், "நீங்க அனுப்பிவெச்சா போதும் சம்பந்தி, தண்டவாளம் ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் ஒண்ணுதான்" என்றார். என் தாய்வீடு பிச்சாட்டூர்ப் பக்கம். நான் பிறந்தது செங்கல்பட்டு ஜில்லாவில். நான் போன வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அதுவும் ஆந்திராவுக்கு வந்திருந்தது. அதே வாசல், அதே வேப்பமரம். கோடு போட்டவர்கள் இந்த வீட்டு மருமகள்களைக் கேட்டுக்கொண்டா போட்டார்கள்? நீ பிறந்தபோது உன் அம்மாவும் வேறு ஜில்லாப் பெண்தான். யாரும் உன் நைனாவிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அப்புறம் உன் பரீட்சை. தமிழில் படித்து வேலைக்கு வந்தவர்கள் தெலுங்கில் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லி, இரண்டு வருஷமாக அதற்கு உட்கார்ந்தாய். தளிகை முடிந்து பதினைந்து நாளில் தேறவில்லை என்று முடிவு வந்தது. எனக்கு எழுதிய கடிதத்தில், "வீட்டில் நடந்த அபசாரத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது" என்று எழுதினாய். கண்ணு, நீ பரீட்சை எழுதியது ஆவணியில். அவள் பூவை முகர்ந்தது புரட்டாசியில். பெருமாள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நடக்காத தப்புக்கு முன்கூட்டியே தண்டனை கொடுப்பாரா? நீ தேறாததற்குக் காரணம் நீ படிக்காததுதான், அது எனக்கும் தெரியும், புத்தகத்துக்கும் தெரியும். இன்னொன்று தெரியுமா? தெய்வானை பள்ளிக்கூடத்தில் தமிழ், தெலுங்கு இரண்டும் படித்தவள். நகரி சந்தையில் அவள் தெலுங்கில் பேசினால் வியாபாரிகள், "எவரம்மா நுவ்வு, மன ஊரு பில்லவா?" என்று தங்கள் ஊர்ப் பெண்ணாகவே நினைத்துக் கேட்பார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்து டிக்டேஷன் சொல்லக்கூடிய ஒரே ஆளை நீ ரயிலேற்றி அனுப்பிவிட்டாய்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் இங்கே வந்தாய். தலை தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய் இறங்க வேண்டிய வீட்டுக்கு, அவளை மட்டும் புத்தூரில் ரயிலேற்றிவிட்டு நீ சித்தூர் பஸ்ஸைப் பிடித்தாய். அவள் கிளம்பும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கன்னுக்குட்டி போடப்போற மாடு அத்தே, தவிடு கொறைக்காதீங்க." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வாசல்வரை போய்விட்டு வந்தேன்.

ஏன் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். அதற்கு உனக்கு ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். உன் நைனாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

எனக்குப் பதினோரு வயது, ஐந்தாம் வகுப்பு. என் அண்ணன் கல்யாணமாகி ஆறு மாதம். அண்ணி பெயர் கன்னியம்மா, அவளுக்குப் பதினாறு இருக்கும். என் நைனா வளர்த்த கொடிதான் இப்போது நம் வீட்டில் இருப்பதற்குத் தாய்க்கொடி. நான் கல்யாணமாகி வரும்போது அதன் ஒரு கிளையை வளைத்து, பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணும் சாணியும் வைத்துப் புதைத்து, மேலே கல் வைத்து வேர் விடவைத்துத்தான் கொண்டுவந்தேன். அந்த வருஷம் புரட்டாசி வெள்ளிக்கிழமை அண்ணி மூக்கைக் கட்டிக்கொண்டு பூ பறித்துச் செம்பில் மூடி வைத்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் கிணற்றடியில் இருந்தார்கள். பூ மஞ்சளாகிவிட்டதா என்று பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். அடைத்துவைத்த வாசனை முகத்தில் அடித்தது. மூடியைப் போட மனசு வரவில்லை. செம்புக்குள்ளேயே முகத்தை வைத்துவிட்டேன்.

மறுவாரம் தண்ணீர் இறைக்கிற மாடு கிணற்றுச் சரிவில் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. சரிவில் பாசி பிடித்திருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டும் என் நைனா கேட்டார்:

"இந்த வாட்டி பூ எடுத்து வெச்சது யாரு?"

"நான்தான் மாமா" என்றாள் அண்ணி.

"மோந்தியா?"

"இல்ல மாமா. துணி கட்டிக்கினுதான் பறிச்சேன்."

"மோக்காத பூவுக்கா இப்டி ஆவும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் கதவுக்குப் பின்னால் ஸ்லேட்டோடு நின்றேன். "நான்தான்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லவில்லை. என் நைனா கை ஓங்குகிறவர் இல்லை, ஆனாலும் பயம். அண்ணியை அவள் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, நோட்டில் நடுத்தாளைக் கிழித்து, சிம்னி விளக்கைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு பெருமாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "பூவை மோந்தது நான். அண்ணி இல்லை. மாடு பாவம். என் கண்ணைக் குத்திவிடாதே. அண்ணியைத் திருப்பி அனுப்பு." கீழே பெயர் எழுதவில்லை. பெயர் எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். ஐந்தாம் வகுப்பு என்று மட்டும் எழுதினேன். நாலாக மடித்துப் பாவாடை இடுப்பில் சொருகி வைத்திருந்தேன். தை மாதம் எங்கள் சித்தப்பா பிள்ளைக்கு முடியிறக்கத் திருமலைக்கு நடந்து ஏறினபோது, கூட்டத்தில் அதை உண்டியலில் போட்டேன். இறங்கி வரும்போது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணி அப்போதும் தாய்வீட்டில்தான் இருந்தாள்.

பத்து மாதம் கழித்து அண்ணன் போய் அழைத்துவந்தான். வந்தாள், வேலை செய்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள், எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். ஆனால் அந்தக் கொடிப்பக்கம் அவள் போனதே இல்லை. யாராவது ஒரு பூவை நீட்டினால், "எனக்கு வாசனையே தெரியாது பாப்பா, மூக்கு அடைச்சுக்கிச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அவள் மடியில் படுத்திருக்கிறேன், அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். சொல்லவில்லை. சாமியிடம் சொல்லியாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன். அவருக்கு என் கடிதம் எதற்கு? நான் செம்பைத் திறந்தபோதே அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார். அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அண்ணி.

இப்போது உனக்கு ஒரு கேள்வி வரும்: நாற்பது தாண்டின பிறகும் என்ன பயம் என்று. ஒளிக்காமல் சொல்கிறேன், உன்மேல் பயம். நீ சர்க்கார் வேலைக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் நீ பேசினால் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். யாரும் எங்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஆபீஸ் பேச்சும் மடிப்புச் சட்டையுமாக நீ பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, நாங்களே கொஞ்சம் குனிந்துவிட்டோம். அது உன் தப்பில்லை, நாங்கள் பழக்கியது. என் பிள்ளை எட்டு வயதில் ஒரு காகக்குஞ்சுக்குச் சோறு ஊட்டுகிறேன் என்று அரை நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தவன். உன்னிடம் என்னடா பயம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

உன் கார்டு வந்த அதே தபாலில் உன் மாமியாரிடமிருந்தும் ஒரு கார்டு வந்தது. "என் மகள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நீங்களாவது எழுதுங்கள், திருத்தி அனுப்புகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "திருத்தி அனுப்புகிறோம்" என்ற அந்த வார்த்தையைப் படித்த பிறகுதான் பரணில் ஏறி இந்த நோட்டை எடுத்தேன். என் அண்ணியின் அம்மாவும் அப்படித்தான் யாரிடமாவது கெஞ்சியிருப்பார்கள், எனக்குத் தெரியாமல்.

இதுவரை எழுதி நிறுத்திய பிறகு, நேற்று சாயங்காலம் உன் நைனாவிடம் சொல்லிவிட்டேன், தெய்வானை விஷயம், அண்ணி விஷயம் இரண்டையும். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமல் கேட்டார்.

"மோந்து பாருன்னு நீயா சொன்னே?"

"நான்தான்."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல."

"பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயந்தே?"

"உங்க புள்ளைக்கு."

தவிட்டிலிருந்து கையை எடுத்தார். "நான் மட்டும் என்னா, சாமந்தி வெச்சுக்கலாம்னு சொல்லிட்டு அந்தாண்ட போயிட்டேனே" என்றார். அப்புறம், "எழுதிக்கினு கீறியே, அதை ஒளிச்சுவெச்சு எழுத வேணாம். அரிசிக் கூடையில கையை விட்டா நோட்டுதான் வருது" என்றார். அதனால் இந்தப் பகுதியை வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாளை மறுநாள் காலை ரயிலில் நான் திருத்தணிக்குப் போகிறேன். உன் நைனா புத்தூர் வரைக்கும் வந்து ஏற்றிவிடுகிறார். அவள் வீட்டில், அவள் அம்மா அப்பா முன்னால், முகரச் சொன்னவள் நான், திட்டு வாங்கும்போது பார்த்துக்கொண்டு நின்றவளும் நான் என்று சொல்லப் போகிறேன். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை. அவளை அழைத்துக்கொண்டு வர நான் போகவில்லை. அது நீ செய்ய வேண்டியது. என் அண்ணன் பத்து மாதம் கழித்துப் போனான். அந்தப் பத்து மாதத்தை அதற்குப் பிறகு அவனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உனக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது.

நீ வரும்வரை நான் அங்கேயே இருப்பேன். மாப்பிள்ளையின் அம்மா மூட்டையோடு சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று இரண்டு ராஜ்ஜியத்திலும் பேசுவார்கள். பேசட்டும். உன் நைனாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மத்தியான பஸ்ஸில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம்.

நீ வந்து நின்றதும் அவள் ஓடிவந்து செம்பில் தண்ணீர் கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. வரமாட்டேன் என்று அவள் சொல்லலாம். சொல்ல அவளுக்கு நியாயம் இருக்கிறது. அப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடாதே, வாசலில் நில். அம்மா உள்ளே இருக்கிறாள், அவள் பேசிச் சரிப்படுத்துவாள் என்று எதிர்பார்க்காதே. என் தப்பை நான் சொல்லி முடித்திருப்பேன். உன்னுடையதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா